கை சுத்துற ரேடியோ: சூறாவளிக்கு வாங்குங்க, சுனாமிக்கு அதை விட்டுட்டு ஓடுங்க

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில 2025 ஓகஸ்டில வாங்கின ஒரு சாமானப் பத்தி எழுதுறன். கையால சுத்தி சார்ஜ் ஏத்துற ரேடியோ. மேல சின்ன சோலார் தகடு, முன்னுக்கு டோர்ச், பக்கத்தில சிவப்பு சைரன் பட்டன், பின்னால போன் சார்ஜ் போட யூஎஸ்பி ஓட்டை. கடைக்கார நானா 8,500 ரூபா சொன்னார், நிண்டு கதைச்சு 7,200க்கு வாங்கினன். பிராண்ட் பேர் சொல்லிப் பிரயோசனம் இல்ல, இதே உருவம் இதே நிறம் பக்கத்துக் கடையில வேற பேரோட இருந்திச்சு, அதுக்குப் பக்கத்துக் கடையில இன்னொரு பேரோட. அதால சாமானப் பத்தியே சொல்றன்.

பெட்டியில ஒரு படம். இடப்பக்கம் சுழண்டு வாற வெள்ளை மேகம், வலப்பக்கம் வளைஞ்சு நிக்கிற பெரிய நீல அலை, நடுவில இந்த ரேடியோ. கீழ இங்கிலீஷில ஹரிக்கேன், சுனாமி, பூமியதிர்ச்சி எல்லாத்துக்கும் இது ஒண்டு போதும் எண்டு எழுதியிருக்கு. ரேடியோ நல்லதா கெட்டதா எண்டு ரெண்டு வரியில சொல்லிட்டுப் போயிருப்பன், இந்தப் படம் தான் என்னை இவ்வளவு நீளத்துக்கு எழுத வைக்குது. எங்கட குடும்பம் ரெண்டையும் பார்த்த குடும்பம். அம்மா மட்டக்களப்பில 78 சூறாவளிய ஒரு ராத்திரி முழுக்க அனுபவிச்சவ. மாமா மட்டக்களப்புக் கரையோரத்தில நாவலடியில 2004 சுனாமியில வீட்டையும் பிள்ளையையும் குடுத்தவர். பெட்டிய மேசையில வச்ச உடன அம்மா படத்தப் பார்த்திட்டு, "ரெண்டையும் ஏன் மகன் ஒண்டாப் போட்டிருக்கான்?" எண்டு கேட்டா. அந்தக் கேள்விக்குப் பதில் தான் இந்த ரிவியூ.

முதல்ல சூறாவளி, ஏனெண்டா ரேடியோக்கு உண்மையான சோதனை அதில தான் நடந்திச்சு. அக்கா வீடு கொழும்புக்குப் பக்கத்தில கொலன்னாவையில. 2016 மே மாசம் ரொவானு புயல் நேரம் களனி கங்கை பெருகி அந்தப் பக்கமெல்லாம் தண்ணி நிண்டது ஞாபகம் இருக்கும், அதில அக்காட கீழ் வீடு முழுசாப் போனது. அதால 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வருது எண்டு கேள்விப்பட்ட உடன, 27ஆந் தேதி வியாழன் பின்னேரமே இந்த ரேடியோவையும் ரெண்டு தண்ணிப் போத்தல் பெட்டியையும் கொண்டு போய் அக்காட்ட குடுத்திட்டு வந்தன். புயல் அடுத்த நாள் 28ஆந் தேதி கிழக்குக் கரையால ஏறிச்சு. ஆனா கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் தண்ணி மோசமா ஏறினது அதுக்குப் பிறகு. மலையில விழுந்த மழை களனி கங்கையால இறங்கி கொழும்புக்கு வந்து சேர நேரம் எடுக்கும் தானே. காத்து அடங்கிட்டு, வானம் வெளுத்திட்டு எண்டு ஆக்கள் மூச்சு விடுற நேரம் பார்த்து ஆறு ஏறுது.

வெள்ளம் நிண்ட நாலு நாளும் இந்த ரேடியோ தான் அக்கா வீட்டில உயிரோட இருந்த ஒரே சாமான். வெள்ளம் ஏறின இடத்தில பாதுகாப்புக்கு கரண்ட வெட்டிட்டாங்க. ரெண்டாவது நாள் போன் சிக்னலும் வாறதும் போறதுமாப் போச்சு, கரண்ட் இல்லாம ரவரின்ட பற்றரியும் எத்தினை மணித்தியாலத்துக்குத் தான் தாங்கும். அத்தான் மேல் மாடியில இருந்து மணிக்கு ஒருக்கா தமிழ் நியூஸ் கேட்டிருக்கார். களனி கங்கைத் தண்ணி கொழும்பில நாகலகம் வீதி அளவுகோலில எத்தினை அடி, ஆத்தின்ட மேல்பக்கம் ஹங்வெல்லையில ஏறுதா இறங்குதா எண்டு நீர்ப்பாசனத் திணைக்களம் குடுக்கிற கணக்க கொப்பியில நேரம் போட்டு எழுதி வச்சிருக்கார், அந்தக் கொப்பிய நான் பார்த்தன். ஹங்வெல்லையில இறங்கத் தொடங்கினா பிறகு தங்கட பக்கமும் இறங்கும் எண்டு அதை வச்சுத் தான் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சமாளிச்சிருக்கார். நெட் இல்லாத வீட்டில அந்த ரெண்டு நம்பருக்கு என்ன பெறுமதி எண்டு அங்க இருந்தவங்களுக்குத் தான் தெரியும். எஃப்எம் சத்தம் தெளிவு. மீடியம் வேவும் வேலை செய்யுது, ராத்திரியில இந்திய நிலையங்கள் நல்லாக் கேட்டதாம். டோர்ச் வெளிச்சம் ஒரு அறைக்குத் தாராளம். இதுக்கெல்லாம் 5க்கு 5 குடுக்கலாம்.

டித்வாவப் பத்தி ஒண்டு சொல்லணும். காத்த மட்டும் பார்த்தா அது பெரிய புயலே இல்ல. அத்திலாந்திக் பக்கம் ஹரிக்கேன் எண்டு கூப்பிடுறதுக்கு காத்து மணிக்கு 119 கிலோமீற்றருக்கு மேல இருக்கணும், அதையே பசிபிக்கின்ட மேற்கில டைபூன் எண்டும் எங்கட பக்கம் சூறாவளி எண்டும் சொல்றது, சாமான் ஒண்டு தான், கடல் தான் வேற. டித்வா அந்த 119ஐ எட்டவே இல்ல. எட்டாமலே நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்தாங்க, கன பேர் மலைநாட்டில மண்சரிவில. ஏனெண்டா ஹரிக்கேனுக்குக் குடுக்கிற 1, 2, 3 எண்ட தரம் காத்தின்ட வேகத்தை மட்டும் தான் சொல்லும், எவ்வளவு மழை கொட்டும் எண்டு சொல்லாது. மெதுவா நகர்ற சின்னப் புயல் வேகமாப் போற பெரிய புயலை விட ஒரே இடத்தில கூடத் தண்ணி ஊத்தும். "சின்னப் புயல் தானாமே" எண்டு சொல்லிட்டு இருந்த ஆக்கள நான் அந்தக் கிழமை கன பேரைக் கண்டன், இனி யாரும் அப்பிடிச் சொல்லக் கூடாது.

சூறாவளி எண்டது கடலின்ட சூட்டத் தின்டு வளர்ற ஒண்டு. கடல் மேல்தண்ணி கிட்டத்தட்ட 26.5 பாகை செல்சியஸுக்கு மேல இருந்தா அந்த ஈரச் சூட்டுக் காத்து மேல ஏறும், ஏறின இடத்துக்குச் சுத்தியிருக்கிற காத்து ஓடி வரும், பூமி சுத்துறதால அது நேரா வராம வளைஞ்சு சுழலும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட அந்த வளைப்பு காணாது, அதால 5 பாகைக்குள்ள சூறாவளி பிறக்கிறது அருமை. கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகையில இருக்கு. எங்களுக்கு நேரா வந்து மோதுறது குறைவு, கிழக்கிலயும் வடக்கிலயும் ஏறிட்டு அதின்ட மழை ஆறு வழியா எங்கட வாசலுக்கு வருது. முக்கியமான விசயம், இதெல்லாம் நடக்க நாட்கள் வேணும். தாழமுக்கம் உருவாகும், அது பலக்கும், சட்டலைட்டில தெரியும், பேர் வைப்பாங்க, எங்க போகுது எண்டு கோடு கீறுவாங்க. கோடு கொஞ்சம் பிழைக்கலாம், ஆனா வருது எண்டது தெரியும். அந்த நாட்கள் தான் இந்த ரேடியோக்கு இருக்கிற வேலை. சார்ஜ் ஏத்தி வைக்கலாம், சாமான மேல ஏத்தலாம், கேட்டுக் கேட்டு முடிவெடுக்கலாம்.

78இல அம்மாட்ட இருந்தது ஒரு பழைய ட்ரான்சிஸ்டர். நவம்பர் 23 ராத்திரி. ஓடு பறக்கத் தொடங்கினது, தென்னைகள் முறிஞ்சது, அப்பாட அப்பா எல்லாரையும் சீமெந்துப் பிளேட் போட்ட குசினிக்குள்ள அடைச்சு வச்சது, திடீரெண்டு எல்லாம் நிண்டு போனது. நட்சத்திரம் கூடத் தெரிஞ்சதாம். பக்கத்து வீட்டு ஆக்கள் முடிஞ்சுது எண்டு வெளிய வந்து ஓடு பொறுக்கியிருக்காங்க. "எனக்கு அந்த அமைதி தான் மகன் பயம், காத்த விட" எண்டு அம்மா இப்பவும் சொல்லுவா. அது சூறாவளிக் கண், புயலின்ட நடுவில காத்தில்லாம இருக்கிற இடம். அது தாண்டினாப் பிறகு காத்து மற்றப் பக்கத்தால வந்து, முதல் காத்துக்குச் சாய்ஞ்சு நிண்ட மரமெல்லாம் எதிர்ப் பக்கம் விழுந்திருக்கு. 900 பேருக்கு மேல அந்தச் சூறாவளியில இறந்தாங்க, மட்டக்களப்பின்ட தென்னந்தோட்டமெல்லாம் மொட்டையாப் போச்சு. ட்ரான்சிஸ்டருக்குப் பற்றரி தீர்ந்து போனதால கண் தாண்டுது எண்டு சொல்ல யாரும் இருக்கல்லயாம். கை சுத்துற ரேடியோவக் கண்ட உடன அம்மா கைபிடிய விடாமப் பிடிச்சு சுத்திப் பார்த்ததுக்குக் காரணம் இது தான்.

குறைகளையும் மறைக்காமச் சொல்றன். இந்த ரேடியோவில எஃப்எம், ஏஎம்முக்குப் பக்கத்தில டபிள்யூ பி எண்டு ஒரு சுவிட்ச் இருக்கு. வெதர் பாண்ட். போட்டா வெறும் இரைச்சல். நான் ரேடியோ பழுது எண்டு நினைச்சு ரெண்டாவது கிழமையே திரும்பக் கொண்டு போனன், நானா இன்னொண்டு எடுத்துப் போட்டார், அதுவும் இரைச்சல். பிறகு தேடிப் பார்த்தா அது அமெரிக்காவில அரசாங்கம் நாள் முழுக்க வானிலை சொல்ற அலைவரிசை, 162 மெகாஹேட்ஸ் பக்கம், ஹரிக்கேன் எச்சரிக்கை வந்தா அங்கத்தைய ரேடியோ தானாவே சத்தம் போடுமாம். இலங்கையில அந்த அலைவரிசையில வானிலை சொல்ல யாரும் இல்ல. அதால "எமர்ஜென்சி அலேர்ட்" எண்டு பெட்டியில போட்டிருக்கிறதை நம்பி, எச்சரிக்கை வந்தா இது தானா எழுப்பிவிடும் எண்டு நினைச்சுப் படுக்காதீங்க. இங்க எஃப்எம் ஸ்டேசன் சொன்னாத் தான், அதையும் நீங்க போட்டு வச்சிருந்தாத் தான்.

அடுத்தது கை சுத்துறது. ரேடியோக்கும் டோர்ச்சுக்கும் அது போதும், ஒரு நிமிசம் சுத்தினா நாலைஞ்சு நிமிசம் நியூஸ் கேட்கலாம். ஆனா போன் சார்ஜ் பண்ணலாம் எண்டு சொல்லி விக்கிறாங்களே, அது நடைமுறைக்கு வராது. இப்பத்தைய போன் பற்றரி நிறைய 15 முதல் 19 வாட் மணித்தியாலம் வேணும், இந்த மாதிரிச் சின்னக் கைபிடியால மனுசன் குடுக்கிறது 2 வாட் அளவு. நாள் முழுக்க ரெண்டு பேர் மாறி மாறிச் சுத்தணும். அக்காட மூத்தவன் அரை மணித்தியாலம் சுத்தி ஒரு கோல் எடுக்கிற அளவுக்குத் தான் ஏத்தினான். அந்த ஒரு கோலும் எங்களுக்குப் பெரிசு, "எல்லாரும் மேல இருக்கம்" எண்ட மூண்டு சொல் தான், அதைக் கேட்ட பிறகு தான் அம்மா சோறு சாப்பிட்டா. ஆனா போனுக்கு வேணுமெண்டா தனியா ஒரு நல்ல பவர் பேங்க் வாங்கி முதல் நாளே நிரப்பி வையுங்க. சோலார் தகடும் அப்பிடித் தான், புயல் நேரம் வெயில் எங்க. வெயில் நாளில ஜன்னல்ல வச்சா பற்றரி செத்துப் போகாமக் காப்பாத்தும், அவ்வளவு தான். கைபிடி மடிக்கிற இடத்தில திருகாணி லேசா ஆடத் தொடங்கிட்டு, ரப்பர் மூடி ஒண்டு கழண்டு போச்சு. 7,200க்கு இது பரவாயில்ல எண்டு விட்டுட்டன்.

இனி வலப்பக்கத்து அலைக்கு வாறன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா எண்ட பௌர்ணமி விடுமுறை நாள். அப்ப எங்கட மணிக்கூட்டுக்குக் காலமை 6.59க்கு சுமாத்திராக்கு மேற்கால கடலுக்கடியில நிலம் அதிர்ந்தது, அதிர்ச்சியின்ட அளவு 9.1 எண்டு கணக்கு, 1,200 கிலோமீற்றருக்கு மேல நீளத்துக்குக் கடல் தரை கிழிஞ்சு எழும்பிச்சு. கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள தண்ணி நாவலடியில. மாமா வீட்டில அந்த நேரம் ரேடியோ ஓடிக் கொண்டிருந்தது. நல்ல ரேடியோ, புதுப் பற்றரி, சிக்னல் தெளிவு. அதில பாட்டுத் தான் போய்க் கொண்டிருந்தது. ஏனெண்டா இந்து சமுத்திரத்துக்கு அப்ப சுனாமி எச்சரிக்கை முறை எண்டு ஒண்டு இருக்கவே இல்ல. பசிபிக்குக்கு ஹவாயில 1949இல இருந்து இருந்தது, எங்கட கடலுக்கு இல்ல. வானம் நீலம், காத்து இல்ல, கடற்கரைக்கு ஆக்கள் குளிக்கப் போற நாள். சூறாவளி எண்டா கறுத்து இருண்டு ஒரு நாளாவது பயம் காட்டிட்டு வரும். இது ஒரு அடையாளமும் காட்டாத காலமை நேரத்தில வந்திச்சு.

நாவலடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில ஒடுங்கின மணல் தரை. ஓடுறதுக்கு மேட்டு நிலம் எண்டு ஒண்டும் இல்ல. மாமா சொல்றது ஒரு வசனம் தான்: "அலை வரல்ல தம்பி, கடல் வந்தது." பெட்டியில போட்டிருக்கிற படம் பிழை எண்டு எனக்கு அதில இருந்து தான் விளங்கினது. வளைஞ்சு நிண்டு உடையிற அலை காத்தால வாறது, கடலின்ட மேல்தோல் மட்டும் அசையிறது, அலைக்கும் அலைக்கும் இடையில சில செக்கன் தான். சுனாமியில அடித்தரையில இருந்து மேல்மட்டம் வரைக்கும் முழுத் தண்ணியும் நகருது. 4,000 மீற்றர் ஆழமான இடத்தில அது மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில ஓடும், பிளேன் மாதிரி. ஆனா உயரம் அங்க ஒரு மீற்றர் கூட இல்ல. அந்த நாள் மேலால போன ஒரு சட்டலைட் நடுச் சமுத்திரத்தில அளந்தது 60 சென்ரிமீற்றர் அளவு தான். ஆழ்கடலில நிண்ட மீன்பிடி வள்ளக்காரருக்கு ஒண்டுமே தெரியல்ல, கரைக்கு வந்து பார்த்தா வீடு இல்ல. கரைக்குக் கிட்ட ஆழம் குறையக் குறைய முன்னுக்குப் போறது மெதுவாகும், பின்னுக்கு வாறது மேல ஏறும், அப்பிடித் தான் உயருது. உயர்ந்தது உடனே திரும்பிப் போகாது, பல நிமிசத்துக்கு உள்ளுக்கு வந்து கொண்டே இருக்கும்.

அதனால தான் மீன்பிடிக்கிறவங்களுக்கு ரெண்டுக்கும் சொல்றது நேர் எதிர். புயல் வருது எண்டா கரைக்கு வாங்க. 2017இல ஒக்கி புயல் நேரம் ஆழ்கடலில அகப்பட்டுத் தான் கேரளாவிலயும் கன்னியாகுமரிப் பக்கத்திலயும் அவ்வளவு பேர் போனாங்க. சுனாமி எண்டா, ஆழத்தில நிக்கிற வள்ளம் கரைக்கு வரக் கூடாது, அங்கேயே நிக்கணும். வீட்டுக்காரருக்கும் அப்பிடித் தான். நான் வெள்ளவத்தையில மரைன் டிரைவுக்குக் கிட்ட ஒரு பிளாட்டில 7ஆம் மாடியில இருக்கன். பலத்த காத்தெண்டா எனக்கு ஆபத்து அந்தக் கடல் பக்கத்துக் கண்ணாடி ஜன்னல், உள்ளுக்கு நடு அறைக்குப் போகணும், வெளிய இறங்கக் கூடாது. சுனாமி எண்டா அதே கொங்கிரீட் 7ஆம் மாடி எனக்குப் பாதுகாப்பு, ஆனா கீழ ரயில் பாதையோரம் இருக்கிற வீட்டு ஆக்கள் ஒரு செக்கனும் நிக்காமக் காலி வீதியத் தாண்டி உள்ளுக்குப் போகணும், இல்லாட்டி எங்கட மாதிரிக் கட்டிடத்தில மேல ஏறணும். 2004இல மொறட்டுவை, பாணந்துறையில லைன் ஓரத்து வீடுகள் போனது நாங்கள் பார்த்தது தானே. சுமாத்திரா கிழக்குப் பக்கம், கொழும்பு மேற்கு, எங்களுக்கு வராது எண்டு நினைக்காதீங்க, அலை தெற்கு முனையச் சுத்தி வளைஞ்சு வந்திச்சு.

கரையில கடல் வத்திப் பின்வாங்கினாத் தான் சுனாமி எண்டு ஒரு கதை எல்லார் வாயிலயும் இருக்கு. அது பாதி தான் சரி. 2004இல கடல் தரை மேற்குப் பக்கம் எழும்பினது, கிழக்குப் பக்கம் இறங்கினது. அதால தாய்லாந்தில முதல்ல கடல் வத்தினது, எங்கட கிழக்குக் கரையில முதல்ல ஏத்தமே வந்தது. களுத்துறையில கடல் கனதூரம் உள்ளுக்குப் போய் மண் தெரியிற சட்டலைட் படம் நீங்களும் பார்த்திருப்பீங்க, அது முதல் அலைக்குப் பிறகு நடந்தது. கடல் வத்தினாக் கட்டாயம் ஓடணும், வத்தல்ல எண்டு நிக்கக் கூடாது. முதல் அலையோட முடியிறதும் இல்ல. தெற்குக் கரையில பெரலிய எண்ட ஊரில ஒரு ரயிலை முதல் தண்ணி நிப்பாட்டினது, ஊர் ஆக்கள் ரயில் பாதுகாப்பு எண்டு அதில ஏறியும் அதுக்குப் பின்னால ஒளிஞ்சும் நிண்டாங்க, பிறகு வந்தது அதை விடப் பெரிசு. அந்த ஒரு ரயிலோட 1,700 பேருக்கு மேல எண்டு சொல்றாங்க. அம்மா இதைக் கேட்டிட்டு, "எங்கட சூறாவளிக் கண் மாதிரி" எண்டா. ரெண்டுக்கும் இடையில எனக்குத் தெரிஞ்சு ஒத்துப் போற ஒரே இடம் அது தான், முடிஞ்சுது எண்டு வெளிய வந்தவங்க போனது.

இன்னொரு குழப்பமும் இருக்கு, புயல் கொண்டு வாற கடல் பெருக்கு. காத்து மணித்தியாலக் கணக்கா ஒரே பக்கம் தள்ள, கடல் கரையில குவிஞ்சு ஊருக்குள்ள வரும். 1970இல வங்காளக் கரையில போலா சூறாவளியில 3 லட்சத்துக்கும் மேல செத்தது கூடுதலா அந்தத் தண்ணியில தான். செத்தவங்க கணக்கப் பார்த்தா 2004இன்ட முழு எண்ணிக்கைய விடக் கூட. அதால சூறாவளி சின்னது சுனாமி பெரிசு எண்டு நான் சொல்ல வரல்ல. அந்தத் தண்ணி புயலோட சேர்ந்து வாறது, புயல் எப்ப எண்டு தெரிஞ்சா அதுவும் தெரியும், முதல் நாளே ஆக்கள வெளியேத்தலாம். அங்க ரேடியோ உயிர் காக்கும்.

சுனாமிக்கு? 2012 ஏப்ரல் 11, புதுவருசத்துக்கு ரெண்டு நாள் முந்தி, பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகு சுமாத்திராக்கு வெளிய 8.6 அளவில பூமியதிர்ச்சி. எச்சரிக்கை வந்திச்சு, கரையோர ஆக்கள் எல்லாரும் வெளியேறினாங்க, வெள்ளவத்தையில காலி வீதியே நிரம்பிட்டு. அந்த முறை நிலம் பக்கவாட்டில தான் உரசினது, கடல் தரை மேல எழும்பல்ல, அதால பெரிய அலை வரல்ல. நாங்கள் அம்மாவக் கூட்டிக் கொண்டு ஹெவ்லொக் டவுன் பக்கம் போய் நிண்டம். போக முதல் அம்மா கேட்டா, ரேடியோ எங்க, டோர்ச் எங்க, ஐடி கார்ட் எங்க. அந்தத் தேடலில போன நிமிசங்கள் இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு கலங்குது. 2004இல 15 நிமிசத்தில தண்ணி வந்த, சுமாத்திராவில இருக்கிற அச்சே மாதிரி இடமா இருந்திருந்தா? எங்களுக்குச் சுமாத்திராவில இருந்து வர ரெண்டு மணித்தியாலம் கிடைக்கலாம், ஆனா அதிர்ச்சிய அளந்து, எச்சரிக்கை வானிலை அவதான நிலையத்துக்கு வந்து, அங்கயிருந்து எங்கட காதுக்கு வாற வரைக்கும் அதில கொஞ்சம் போயிரும். மிச்சம் இருக்கிறது கால் தான்.

ஆனா மேல ஏறி நிண்ட பிறகு ரேடியோ வேணும். அடுத்த அலை வருமா, திரும்பிப் போகலாமா எண்டு அறிவிக்கிற வரைக்கும் மணித்தியாலக் கணக்கா நிக்கணும். 2012இல எல்லாரும் ஒரே நேரத்தில கோல் எடுக்க லைன் கிடைக்கல்ல, யாரோ ஒரு முச்சக்கர வண்டிக்காரரின்ட ரேடியோவச் சுத்தி நாங்கள் முப்பது பேர் நிண்டு கேட்டம். அதுக்கு இந்த அரைக் கிலோச் சாமான் சரிவராது. கையடக்கமான சின்ன எஃப்எம் ரேடியோ ஒண்டு, ரெண்டு பற்றரியோட, அதே தெருவில 1,500க்குள்ள கிடைக்குது. கடலுக்குக் கிட்ட இருக்கிறவங்க அதை வாங்கி ஐடி கார்ட் கொப்பியோட ஒரு சின்னப் பையில போட்டு வாசல் கதவில கொழுவி வையுங்க. கைக்குப் பட்டா எடுங்க, படாட்டி விட்டுட்டுப் போங்க.

சைரன் பட்டனப் பத்தியும் சொல்லணும். சத்தம் நல்லாக் கேட்குது, வெள்ளத்தில வள்ளம் வந்த நேரம் அத்தான் அதை அமத்தித் தான் கூப்பிட்டிருக்கார். எச்சரிக்கை பத்திச் சந்தேகம் எண்டா 117க்கு அடிச்சு அனர்த்த முகாமைத்துவ நிலையத்திட்டக் கேளுங்க, தமிழிலயும் கதைக்கலாம்.

மொத்தத்தில சூறாவளிக்கும் வெள்ளத்துக்கும் 5க்கு 4, அந்த ஒண்டக் குறைச்சது போன் சார்ஜ் கதைக்கும் வேலை செய்யாத வெதர் பாண்டுக்கும். சுனாமிக்கு நான் மார்க் போடல்ல. பெட்டிய மாமாட்டக் காட்டினன், அவர் அந்த நீல அலைய விரலால தடவிப் பார்த்திட்டு ஒண்டும் சொல்லாமத் திருப்பித் தந்தார், நான் அதைக் கிழிச்சுப் போட்டிட்டு ரேடியோவ மட்டும் அக்கா வீட்டிலயே விட்டு வச்சிருக்கன்.

வாங்கப் போறவங்க முதலாம் குறுக்குத் தெருவுக்குக் கிழமை நாளில காலமை போங்க, ஞாயிறு கன கடை பூட்டு. கடைக்குள்ளயே மூண்டு நிமிசம் சுத்தி, எஃப்எம் போட்டு, கைபிடி திருகாணிய ஆட்டிப் பார்த்து வாங்குங்க. மாசத்தில ஒருக்கா சார்ஜ் ஏத்துங்க, இல்லாட்டிப் பற்றரி உள்ளுக்கே செத்துப் போகும்.